குளிரறைக்குள் போகும் காலுக்கு எந்த இன்சோல்?

ஒரகடம் கூட்டு ரோட்டில் சித்திரை வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரிடம் பாதம் குளிரில் விறைப்பதைப் பற்றிப் பேசினால் சிரிப்பார். ஆனால் அந்த வட்டாரத்துக் குளிர்கிடங்குகளில் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறவருக்கு அது அன்றாடச் சங்கதி. வெளியே 38 டிகிரி, உள்ளே மைனஸ் 20. கார், லாரிக் கம்பெனிகளிலிருந்து குளிர்நாடுகளுக்கு அனுப்பப்படும் பொறியாளர்களும், லடாக்குக்குச் சுற்றுலா கிளம்பும் குடும்பங்களும் இதே சிக்கலைச் சந்திக்கிறார்கள். குதிகால் வலிக்கோ தட்டைப் பாதத்துக்கோ ஏற்கெனவே இன்சோல் போடுபவர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து “மெத்துனு இருக்கு” என்று வாங்கி வருவது பல நேரம் குளிருக்குள் போனதும் பலகையாகிவிடுகிறது. இந்தக் குறிப்புகள் அவர்களுக்காக.

1. எவ்வளவு குளிர் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘கோல்டு ரூம்’ என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். தடுப்பூசி, மருந்து வைக்கும் அறை பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி. பால், காய்கறிக்கு 0 டிகிரியை ஒட்டி. உறைந்த மீன், கோழி, பட்டாணிக்கு மைனஸ் 18 அல்லது அதற்கும் கீழே. வேகமாக உறைய வைக்கும் பிளாஸ்ட் ஃப்ரீசர் மைனஸ் 35, 40 வரை போகும். ஒவ்வொன்றுக்கும் இன்சோல் வேறு. ஒரு நடையில் எத்தனை நிமிடம் உள்ளே இருக்க வேண்டும், நடந்துகொண்டே இருக்கும் வேலையா, ஒரே இடத்தில் நின்று ஸ்கேன் செய்யும் வேலையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நிற்கிறவர் கால்தான் முதலில் விறைக்கும்.

2. வீட்டு ஃப்ரிட்ஜே சோதனைக்கூடம். வீட்டு ஃப்ரீசர் ஏறக்குறைய மைனஸ் 18 டிகிரியில்தான் ஓடுகிறது. உறைபொருள் கிடங்கின் குளிரும் அதுதான். புது இன்சோலைச் சுத்தமான பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, இரவு முழுதும் ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் எடுத்த உடனே, கை சூடு ஏறுவதற்குள், மூன்று விஷயங்களைப் பாருங்கள். முன்பாதம் மடங்கும் இடத்தில் லேசாக வளைத்தால் வளைகிறதா? குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுகிறதா? விழுந்த குழி உடனே எழும்புகிறதா, சோம்பேறித்தனமாகக் கிடக்கிறதா? வளையாததும் அமுங்காததும் மைனஸ் குளிருக்கு ஆகாது. உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் தகடு வைத்த, அளவெடுத்துச் செய்த இன்சோலை மட்டும் இப்படி வளைக்காதீர்கள். காரணம் 5-ஆம் குறிப்பில்.

3. ‘மெமரி ஃபோம்’ வேண்டாம். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். கையை வைத்தால் அச்சு விழுந்து மெல்ல எழும்பும், பார்க்கவே ஆசையாக இருக்கும். அந்த நுரையின் மென்மை வெப்பத்தை நம்பியது. அறை வெப்பத்துக்குச் சற்றுக் கீழே போனாலே கெட்டிப்படத் தொடங்கி, மைனஸில் கிட்டத்தட்ட மரக்கட்டை. ஏ.சி. ஆபீஸுக்குப் போட்டுக்கொள்ளலாம்; ஃப்ரீசருக்கு இல்லை.

4. ஈ.வி.ஏ. நுரை நடுத்தரம். ஸ்போர்ட்ஸ் ஷூவின் அடியில் இருப்பதும், அளவெடுத்துச் செய்யும் இன்சோல்களில் மிகுதியாகப் பயன்படுவதும் இதுதான். மூடிய நுண்ணறைகள் கொண்டது என்பதால் தண்ணீர் குடிக்காது, குளிரை நன்றாகத் தடுக்கும், விலையும் குறைவு. குளிரில் ஓரளவு இறுகும், மெமரி ஃபோம் அளவுக்கு இல்லை. மிக மென்மையான ரகத்தை வாங்காதீர்கள். உடல் எடை ஏறியதும் அது நசுங்கி, உள்ளிருக்கும் காற்று போய், தடிமன் பாதியாகிவிடும். குளிரைத் தடுப்பதே அந்தக் காற்றுதான். அளவெடுத்துச் செய்கிறவரிடம், நுரையின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் அளவில், “ஷோர் ஏ 35-லிருந்து 45-க்குள்ள வைங்க” என்று சொன்னால் புரிந்துகொள்வார். குளிருக்குத் தடிமனான சாக்ஸும் போட்டு, அதன்மேல் மென்மையான நுரையும் வைத்துக்கொண்டு ஏன் குளிர்கிறது என்று கேட்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

5. தட்டைப் பாதத்துக்கு வளைவு தாங்கும் கெட்டித் தகடு வைத்த இன்சோல் போடுபவர்களும், போலியோவுக்குப் பின் பிளாஸ்டிக் காலிப்பர் அணிபவர்களும் இதைக் கட்டாயம் படியுங்கள். அந்தத் தகடு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். நம் ஊர் வெப்பத்தில் எத்தனை வருஷமானாலும் உழைக்கும். ஆனால் சாதாரண பாலிப்ரொப்பிலீன் 0 டிகிரியை ஒட்டியே நொறுங்கும் குணத்துக்கு மாறத் தொடங்கிவிடும். காலில் இருக்கும்போது உடல் சூடு அதைக் காப்பாற்றும். ஆபத்து எப்போது என்றால், இரவு முழுதும் லடாக்கில் டெம்போவிலோ கூடாரத்துக்கு வெளியிலோ கிடந்த ஷூவை விடியற்காலையில் மாட்டிக்கொண்டு ஒரு கல்லின்மேல் சட்டென்று கால் வைக்கும்போது. விரிசல் விழுந்தால் அதன் முனை பாதத்தைக் கிழிக்கும். செய்கிறவரிடம் கோபாலிமர் வகைப் பாலிப்ரொப்பிலீன் கேளுங்கள், அல்லது பாலியெத்திலீன். பாலியெத்திலீன் கடும் குளிரிலும் நொறுங்காது. சற்றுத் தடிமனாக வைக்க வேண்டியிருக்கும். கார்பன் ஃபைபர் தகடு மெல்லியது, குளிரில் வலுவும் குறையாது, விலைதான் கடிக்கும். எந்தத் தகடானாலும் இரவில் ஷூவுக்குள் விடாமல் எடுத்துப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது செலவில்லாத வழி.

6. ஒரே பொருளில் எல்லாம் கிடைக்காது, அடுக்குங்கள். தரையைப் பார்த்த அடிப்பக்கம் நசுங்காத, தண்ணீர் குடிக்காத பொருள்: கெட்டி ஈ.வி.ஏ., பாலியெத்திலீன் நுரை, அல்லது கார்க். நடுவில், தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும், தகடு. பாதத்தைத் தொடும் மேல்பக்கம் மூன்று மில்லிமீட்டர் அளவில் கம்பளி ஃபெல்ட். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. வேர்வையை வாங்கி வைத்துக்கொள்ளும். கலப்பில்லாத கம்பளிதானா என்று பார்க்க, ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்து எரித்துப் பாருங்கள். தலைமுடி கருகும் வாசம் வந்து, சாம்பல் பொடியாக உதிர்ந்தால் கம்பளி. உருகி மணியாக உருண்டால் பாலியெஸ்டர். பாலியெஸ்டர் கெட்டது என்றில்லை, கம்பளி விலைக்கு அதை வாங்காதீர்கள். மேல்துணி பருத்தியாக இருந்தால் மட்டும் தள்ளிவிடுங்கள். வாங்கிய ஈரத்தை அது விடவே விடாது.

7. வெள்ளிக் காகிதம் ஒட்டிய ‘தெர்மல்’ இன்சோல்கள் பளபளப்பதோடு சரி. பளபளப்பான தாள் வெப்பக் கதிரைத் திருப்பும், உண்மைதான். அதற்கு எதிரே கொஞ்சம் காற்றிடைவெளி வேண்டும். கால் அழுத்தி மிதிக்கும் இடத்தில் இடைவெளி ஏது? வெப்பம் நேரடியாகத் தொட்டே இறங்கிப் போகிறது. காசைக் கம்பளிக்குக் கொடுங்கள்.

8. உண்மையான எதிரி வேர்வை. இந்த வட்டாரத்துக்கே உரிய சங்கடம் இது. காஞ்சிபுரத்திலிருந்தோ படப்பையிலிருந்தோ ஒருவர் சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு பைக்கில் வேலைக்கு வருகிறார். அரைமணி வெயிலில் ஷூவுக்குள் வேர்வை ஊறிவிட்டது. அதே ஷூவோடு மைனஸ் 20-க்குள் நுழைகிறார். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இன்சோலும் நனைந்துவிட்டால் வேலைக்கு ஆகாது. அதனால் வீட்டிலிருந்து செருப்பில் வாருங்கள். குளிர்ஷூ கிடங்கு லாக்கரிலேயே இருக்கட்டும். உள்ளே போவதற்கு முன் காலைத் துடைத்து, உலர்ந்த சாக்ஸ் மாற்றிக்கொள்ளுங்கள். ஷிப்ட் நடுவே சாப்பாட்டு இடைவேளையில் இன்னொரு ஜோடி. பையில் மூன்று ஜோடி சாக்ஸ் வைத்திருப்பவர், ஆயிரம் ரூபாய் இன்சோல் வைத்திருப்பவரைவிடச் சௌகரியமாக இருப்பார்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஃப்ரீசரிலிருந்து வெளியே வந்ததும் நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த ஷூவின்மேல் நீர்முத்துகளாகப் படியும். துடைக்காமல் மறுபடி உள்ளே போனால் அது ஷூவின் அடியில் ஐஸாகி வழுக்கும். கதவருகே ஒரு காய்ந்த சாக்குமிதியடி போடச் சொல்லிக் கேளுங்கள்.

9. பாலித்தீன் கவர் வித்தை. காலில் பிளாஸ்டிக் கவர் சுற்றிக்கொள்ளும் பழக்கம் பல இடத்தில் உண்டு. பனிமலை ஏறுபவர்களும் செய்கிறார்கள், வரிசைதான் முக்கியம். முதலில் மெல்லிய சாக்ஸ், அதன்மேல் கவர், அதற்கும் மேல் தடித்த சாக்ஸ். இப்படிப் போட்டால் வேர்வை தடித்த சாக்ஸுக்கும் இன்சோலுக்கும் போகாமல் நிற்கும். கவரை எல்லாவற்றுக்கும் வெளியே மாட்டினால் உள்ளே எல்லாமே நனையும். மெல்லிய சாக்ஸ் ஈரமாகத்தான் இருக்கும் என்பதால் வெளியே வந்ததும் கழற்றிக் காலை உலரவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளும் சேற்றுப்புண் உள்ளவர்களும் இதைச் செய்யக்கூடாது; ஊறிய தோல் எளிதில் பிளக்கும்.

10. இன்சோல் தடிமனானால் ஷூவும் பெரிதாக வேண்டும். பழைய அளவு ஷூவுக்குள் புது இன்சோலையும் கம்பளிச் சாக்ஸையும் திணித்தால் மேல்பாதம் அழுந்தி ரத்த ஓட்டம் குறையும். கால் முன்பைவிட அதிகமாகக் குளிரும். தடித்த சாக்ஸ், இன்சோல் இரண்டையும் கடைக்கே கொண்டுபோய், மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பாருங்கள். விரல்களை உள்ளே தாராளமாக ஆட்ட முடிய வேண்டும். ஷூவோடு வந்த பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அல்ல.

11. சேஃப்டி ஷூவின் நாக்குப்பட்டையிலோ உட்புறத்திலோ தரக் குறியீடுகள் இருக்கும். அதில் ‘சி.ஐ.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால், அந்த ஷூவின் அடிப்பகுதி குளிர்த்தடுப்புச் சோதனையில் தேறியது என்று பொருள். மைனஸ் 17 டிகிரியில் அரைமணி வைத்தால் உள்ளே வெப்பம் 10 டிகிரிக்கு மேல் இறங்கக்கூடாது என்பது அந்தச் சோதனை. குளிர்த்தடுப்பு ஷூவோடு ஒட்டியிருக்க வேண்டும், பிய்க்காமல் எடுக்க முடியக்கூடாது என்றும் விதி. ஆகவே நல்ல இன்சோல் போட்டால் சாதாரண ஷூ குளிர்ஷூவாகிவிடும் என்று எண்ண வேண்டாம். எட்டு மணி நேரம் மைனஸ் 25-ல் நிற்பவருக்கு இந்தச் சோதனையும் முழு உத்தரவாதம் இல்லை. குளிர்ஷூ கம்பெனி கொடுக்க வேண்டிய பொருள்; தயங்காமல் கேளுங்கள்.

விரல் குளிர்ந்தால் சேஃப்டி ஷூவின் விரல்முனை இரும்புக் கவசத்தைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். அது முழுக் குற்றவாளி இல்லை. விரல் அதில் முட்டும் அளவுக்கு ஷூ சின்னதாக இருப்பதே பெரிய குற்றம். தேர்ந்தெடுக்க முடிந்தால் இரும்புக்குப் பதில் நாரிழைக் கவசம் வைத்ததை எடுங்கள், எடையும் குறைவு.

12. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்காரர்கள் கவனிக்க. செல்போன், சர்க்யூட் போர்டு தயாரிக்கும் இடங்களில் உடலின் நிலைமின்சாரம் ஷூ வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். நுழைவாயிலில் காலை வைத்துப் பச்சை விளக்கு பார்ப்பது அதற்காகத்தான். அந்த ஷூவுக்குள் வெளியில் வாங்கிய நுரை இன்சோலை வைத்தால் மின்பாதை அறுந்து சிவப்பு விளக்கு எரியும், அல்லது ஒரு நாள் எரிந்து ஒரு நாள் எரியாமல் தொந்தரவு கொடுக்கும். குதிகால் வலி என்றால் ‘இ.எஸ்.டி.’ என்று குறித்த இன்சோலையே கேட்டு வாங்குங்கள்.

13. சர்க்கரை நோய் உள்ளவர்கள் குளிரறை வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே டாக்டரிடம் பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள். மரத்துப்போன பாதம் குளிரை எச்சரிக்காது. வலி இல்லை, அதனால் பாதிப்பு இல்லை என்று நினைத்துக்கொண்டு, மாலையில் சாக்ஸைக் கழற்றும்போதுதான் விரல் வெளுத்திருப்பது தெரியும்.

சர்க்கரை நோயாளிகள் போடும், நம் ஊரில் மருந்துக் கடையில்கூடக் கிடைக்கும் எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்புக்குப் பெரிய வரலாறு உண்டு. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காக்க இந்த நுண்ணறை ரப்பரைக் கையாண்டார்கள். பிறகு கரிகிரி, சென்னை என்று பரவிச் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கு வந்து சேர்ந்தது. அழுத்தத்தைப் பரப்புவதில் இன்றும் நல்ல பொருள். ஆனால் திறந்த செருப்பாக அதைக் குளிருக்குள் போட முடியாது. மூடிய ஷூவுக்குள் வைக்கும் எம்.சி.ஆர். இன்சோலாகச் செய்து தரச் சொல்லலாம், ஃபெல்ட் மேலுறையோடு. எந்த இன்சோலாக இருந்தாலும் போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது, கழற்றியபின் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, இரண்டும் அன்றாடம் நடக்கட்டும்.

14. வெளியே வந்ததும் சுடுநீரில் கால் வைக்காதீர்கள். ஹீட்டர் முன் நீட்டுவதும், பைக் சைலன்ஸர் சூட்டில் காட்டுவதும் வேண்டாம். உணர்வற்ற தோல் சுடுவது தெரியாமலே வெந்துவிடும். உலர்ந்த சாக்ஸ் போட்டு, விரல்களை ஆட்டி, சூடாக ஏதாவது குடித்துவிட்டு உட்காருங்கள். தண்ணீர்தான் வேண்டும் என்றால் முழங்கை முட்டிக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் அளவு போதும். விரல் வெளுத்தோ கறுத்தோ கெட்டியாக இருந்து உணர்ச்சி திரும்பவில்லை என்றால் தேய்க்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரிப்போடு சிவந்த தடிப்புகள் அடிக்கடி வந்தாலும் காட்டிவிடுவது நல்லது.

15. பேட்டரி வைத்துச் சூடேற்றும் இன்சோல், ஷூவுக்குள் போடும் சூட்டுப்பொட்டலம் இரண்டும் விற்கிறார்கள். பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத்தூள். காற்றுப் பட்டால்தான் சூடாகும், இறுக்கமான ஷூவுக்குள் மந்தமாகிவிடும். பேட்டரி வகை லடாக் பயணத்துக்குப் பரவாயில்லை. உணர்ச்சி குறைந்த கால்களுக்கு இரண்டுமே கூடாது.

16. குளிர்ந்த காலுக்குத் தலையிலும் மருந்து இருக்கிறது. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், மூளை கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். காது மூடிய குல்லாவும் முதுகு மூடிய ஜாக்கெட்டும் போட்டால் கால் சூடாகும். பீடி, சிகரெட் ரத்தக்குழாயைச் சுருக்கும். குளிரறைக்குப் போகும் முன் ‘ஒரு தம்’ அடிப்பது தலைகீழ் வைத்தியம்.

17. காயவைப்பதில் அவசரம் வேண்டாம். இன்சோலை ஷூவுக்குள்ளிருந்து எடுத்து, நிழலில், ஃபேன் காற்றில் நிறுத்தி வையுங்கள். ஷூவுக்குள் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள். அடுப்பு மேடை, மொட்டைமாடி வெயில், பைக் டிக்கி மூன்றும் ஈ.வி.ஏ.வுக்கு ஆகாது; சூட்டில் சுருங்கி ஓரம் மடங்கிவிடும். விடுதி அறையில் பலராகச் சேர்ந்து தங்கும் பெண்கள், இரண்டு ஜோடி இன்சோல் வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் உலர ஒரு நாள் கிடைக்கும். நாற்றம் வந்தால் சமையல் சோடாவை இரவில் தூவி, காலையில் தட்டிவிடுங்கள்.

18. வெளிநாடு கிளம்புபவர்களுக்கு: பரணில் கிடக்கும் சித்தப்பாவின் பழைய பனி பூட்ஸை நம்பாதீர்கள். பார்க்கப் புதிதாகவே இருக்கும். பல பூட்ஸ்களின் அடிப்பகுதி பாலியூரித்தேன். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் போடாமலே வைத்திருந்தாலும் அது உள்ளுக்குள் சிதையும். வருடக்கணக்கில் கிடந்த பூட்ஸ் ஏர்போர்ட்டில் பத்தடி நடப்பதற்குள் பொரி மாதிரி உதிர்வது உண்டு. பாலியூரித்தேன் இன்சோலுக்கும் இதே கதிதான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி நடந்து பாருங்கள். விரலால் அடியைக் கீறினால் மாவாக வந்தால் குப்பைக்கு.

19. எங்கே செய்வது? சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் கால் உபகரணங்கள் செய்யும் பிரிவு உண்டு. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் முதலில் ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் எழுதி வாங்கப் பாருங்கள். காலணிப் பொருள்களைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் வேண்டும் என்றால் தூரம் போக வேண்டியதில்லை: காலணி வடிவமைப்புக் கல்வி நிறுவனமான எஃப்.டி.டி.ஐ.யின் சென்னை வளாகம் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டுக்குள்ளேதான் இருக்கிறது. அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் உண்டு.

செய்கிறவரிடம் போகும்போது வேலைக்குப் போடும் ஷூ, தடித்த சாக்ஸ் இரண்டையும் எடுத்துப் போங்கள். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், என்ன எடை தூக்குகிறீர்கள் என்று மூன்றையும் சொல்லுங்கள். “குதிகால் வலிக்குது, ஒரு இன்சோல் போடுங்க” என்று மட்டும் சொன்னால், வெயில்காலத்துக்கு உகந்த ஒன்றுதான் கிடைக்கும்.

20. புது இன்சோலின் அடியில் மார்க்கர் பேனாவால் வாங்கிய மாதத்தை எழுதிவிடுங்கள். குதிகால் இடம் அமுங்கி, அதன் தடிமன் ஓரத்தின் தடிமனில் பாதியாகிவிட்டால், மேல்துணி நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பழையதை வீட்டுச் செருப்புக்கு வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். திரும்பக் குளிரறைக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.